பீருக்கும் ஒரு பூட்டு வேண்டும்

வீட்டில் எதற்கெல்லாம் பூட்டுப் போடுகிறோம் என்று ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். வாசற்கதவுக்குப் பூட்டு. பீரோவுக்குப் பூட்டு. ஊரிலிருந்து வரும்போது கொண்டு வந்த டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு. தாராவி, மால்வனி போன்ற இடங்களில் தண்ணீர் டிரம்முக்குக்கூடப் பூட்டுப் போடுகிறார்கள். எண்களைச் சுழற்றிப் பேசும் தொலைபேசி இருந்த காலத்தில் அதற்கும் ஒரு சின்னப் பூட்டு இருந்தது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் யாராவது எஸ்.டி.டி. பேசி பில்லை ஏற்றிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம்.

இத்தனைக்கும் பூட்டுப் போடும் நம் வீட்டில் ஒரு பொருள் மட்டும் திறந்தே கிடக்கிறது. பிரிட்ஜுக்குள், பால் பாக்கெட்டுக்கும் இட்லி மாவுக்கும் பக்கத்தில் நிற்கிறதே, அந்த பீர் பாட்டிலைத்தான் சொல்கிறேன். அதற்குப் பூட்டுக் கிடையாது. மூன்று வயதுக் குழந்தையும் எட்டித் தொடும் உயரத்தில் அது நிற்கிறது.

ஊருக்கு உபதேசம் செய்ய வந்துவிட்டான் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லப் போகிறேன்.

நான் ரயில்வேயில் எழுத்தராக இருப்பவன். சனிக்கிழமை இரவு ஒரு பாட்டில் பீர் குடிப்பேன். வெளியே போய் குடித்துவிட்டு ரோட்டில் தள்ளாடுவதைவிட வீட்டில் மரியாதையாகக் குடிப்பது நல்லது என்பது என் கட்சி. மனைவிக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. மாதத்துக்கு நான்கு பாட்டில் வாங்கி பிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் வந்திருந்தான். பாட்டிலை எடுத்து வருவதற்கு நான் எழுந்திருக்கவில்லை. என் ஒன்பது வயது மகளே ஓடிப் போய் எடுத்து வந்தாள். ஓப்பனரையும் அவளே எடுத்தாள். கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக ஊற்றி, முக்கால் தம்ளர் ஆனதும் நிமிர்த்தி, மேலே ஒரு விரற்கடை நுரை மட்டும் நிற்கும்படி மாமன் கையில் கொடுத்தாள்.

மைத்துனன் சிரித்துவிட்டான். "அத்தான், பிள்ளை பாரில் வேலை பார்த்த மாதிரி ஊத்துதே!" என்றான். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் விஷயம். விரலில் பட்டிருந்த நுரையை மகள் நக்கினாள். அவள் முகம் சுளிக்கவில்லை. முதன்முதலாக பீர் நாக்கில் படுகிற எந்தக் குழந்தையும் 'தூ' என்று துப்பும். இவள் துப்பவில்லை. அப்படியென்றால் இது முதல் தடவை அல்ல என்று எனக்குப் புரிந்தது. மைத்துனன் போன பிறகு பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "நுரை மட்டும்தான்பா" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணப் பார்த்தாள், விரல்கள் போதவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம். கோலம் போடச் சொல்லிக் கொடுத்தது அவள் அம்மா. நுரை வழியாமல் பீர் ஊற்றச் சொல்லிக் கொடுத்தது நான். அப்பன் என்ற முறையில் நான் கற்றுக் கொடுத்த ஒரே கைத்தொழில் அதுதான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

பார்லித் தண்ணீரா?

"பீர்தானே, அது பார்லித் தண்ணீர்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. விஸ்கி, பிராந்தியை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைப்பவர்கள்கூட பீரை பிரிட்ஜில் எல்லாரும் பார்க்க வைக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று பாருங்கள்.

நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி சாதாரண பீரில் 5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். 'ஸ்ட்ராங்' என்று போட்டு விற்கும் பீரில் 8 சதவீதம் வரை இருக்கலாம். பெரிய பாட்டில் 650 மில்லி. 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். விஸ்கியில் 42.8 சதவீதம். 60 மில்லி கொண்ட ஒரு 'லார்ஜ்' பெக்கில் 25.7 மில்லி ஆல்கஹால் வரும். ஆக, ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடித்தவன் இரண்டு லார்ஜ் விஸ்கி குடித்தவனுக்குச் சமம். சாதாரண பீரிலும் ஒரு பாட்டிலுக்கு 32.5 மில்லி உண்டு. அதுவும் ஒரு லார்ஜுக்கு மேல்தான். இரண்டு லார்ஜ் விஸ்கியை ஊற்றிப் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் வைப்போமா? பெயர் மாறியதும் நம் பயம் போய்விடுகிறது, சரக்கு மாறவில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறாத அளவு அவர்களுக்கு ஏறிவிடும். அதோடு, ஆல்கஹால் குழந்தையின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கடகடவென்று இறக்கிவிடக் கூடும். மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். குழந்தை தூங்குகிறது என்று நினைத்து நாம் போர்வையை இழுத்து மூடிக் கொண்டிருப்போம். தெரியாமல் குடித்துவிட்டது என்று தெரிந்தால், மோரைக் கொடுப்பதும் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வைத்தியம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். என்ன குடித்தது, எவ்வளவு குடித்தது என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு மட்டும் இது அமிர்தமா என்றால் அதுவும் இல்லை. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் வரிசையில் 1988-லேயே சேர்த்துவிட்டது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவுக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது.

வீட்டுக்குள் எப்படி வந்தது?

முந்தைய தலைமுறையில் குடிகாரர்கள் இல்லையா? இருந்தார்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கள்ளச்சாராயம் ஆறாக ஓடிய காலத்தை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அப்போது குடி வீட்டுக்கு வெளியே இருந்தது. 'ஆன்ட்டி' கடையில் குடித்தார்கள். பிறகு 'பர்மிட் ரூம்' வந்ததும் அங்கே குடித்தார்கள். அப்பன் குடித்துவிட்டு வந்தான் என்பது பிள்ளைக்குத் தெரியும். நாற்றம் தெரியும், சத்தம் தெரியும். பாட்டிலைத் தெரியாது.

இன்று பாட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது. சாலில் ஒரே அறையில் குடியிருப்பவர் வீட்டிலும் பிரிட்ஜ் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்குப் பல நாட்கள் 'டிரை டே'. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கணபதி கரைக்கும் நாள் என்று கடை மூடியிருக்கும். அதற்கு முதல் நாள் மாலை ஒயின் ஷாப் வாசலில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். ரேஷன் கடைக்கு அப்படி நிற்பதில்லை. ஒரு நாள் மூடுவதற்கு நான்கு நாள் சரக்கு வீட்டுக்குப் போகிறது.

அதற்கும் மேல் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு வந்தது. அந்த மே மாதத்தில் மதுவை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்க மாநில அரசு அனுமதித்தது. மணி அடித்ததும் கதவைத் திறந்து பையை வாங்கி வைத்தது பல வீடுகளில் பிள்ளைகள்தான். குடிக்கும் இடமாக வீடு மாறியது அந்த நாட்களில்தான் என்பது என் எண்ணம். ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை

நம் வீடு, நம் காசு, நம் பிள்ளை; யார் கேட்பது என்று சிலர் நினைக்கலாம். கேட்க சட்டம் இருக்கிறது.

1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் மகாராஷ்டிரத்தில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மதுவை வாங்க, வைத்திருக்க, குடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். வீட்டில் உட்கார்ந்து குடிப்பதற்கும் வேண்டும். கையிருப்புக்கும் வரம்பு உண்டு. பீருக்கு 21 வயது, விஸ்கி போன்றவற்றுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருக்கிறது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

இதைவிடக் கடுமையானது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அதன் 77-வது பிரிவு, மருத்துவர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. 78-வது பிரிவு, மதுவை விற்கவோ, சுமக்கவோ, கொண்டு கொடுக்கவோ குழந்தையைப் பயன்படுத்தினால் அதே தண்டனை என்கிறது. 18 வயது நிரம்பாத எல்லாரும் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். "தம்பி, ஓடிப் போய் மூலைக் கடை அண்ணாச்சியிடம் பாட்டில் வாங்கி வா" என்று பையனை அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"ஒரு வாய்தானே, ருசி பார்க்கட்டும்" என்று பிள்ளையின் வாயில் தம்ளரை வைத்து, எல்லாரும் கைதட்டிச் சிரிக்கும் வழக்கம் நம் கல்யாண வீடுகளிலும் சடங்கு வீடுகளிலும் உண்டு. அந்தச் சிரிப்புக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

குழாயில் வரும் பீர்

இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டு விசாரித்தபோது ஒரு வேடிக்கையான செய்தி தெரிந்தது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்ச 1978-ல் சட்டம் அனுமதித்தது. அங்கே சில வீடுகளில் பீருக்கென்றே ஒரு பிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பீப்பாய். பக்கத்தில் கார்பன்டை ஆக்சைடு வாயு அடைத்த உருளை. வாயு அழுத்த, பீர் குழல் வழியாக ஏறி, பிரிட்ஜின் தலையில் உள்ள குழாயில் வரும். கைப்பிடியை முன்னால் இழுத்தால் போதும். நம் வீட்டில் குடிதண்ணீர் வருவது போல பீர் வரும்.

வசதிதான். ஆனால் பாட்டிலில் இல்லாத ஒரு வில்லங்கம் அதில் இருக்கிறது. பாட்டில் என்றால் எண்ணிக்கை உண்டு. நான்கு வைத்தேன், மூன்று இருக்கிறது, ஒன்றை எடுத்தது யார் என்று கேட்கலாம். பீப்பாயில் எண்ணிக்கை கிடையாது. யார் எப்போது எத்தனை தம்ளர் பிடித்தார்கள் என்று அதற்குள்ளே பார்க்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் பிடித்தாலும் தெரியாது. வேலைக்கு வந்தவர் பிடித்தாலும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வீட்டுக்காரரே பிடித்தாலும் தெரியாது.

அதனால் அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? குழாய்க்குப் பூட்டுப் போடுகிறார்கள். கைப்பிடியை அசையவிடாமல் கவ்விப் பிடிக்கும் பூட்டுகள் அங்கே கடையில் விற்கின்றன. சிலர் கைப்பிடியையே திருகிக் கழற்றிக் கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் பீப்பாயின் இணைப்பைக் கழற்றி, பிரிட்ஜ் கதவையே பூட்டிவிடுகிறார்கள். வாயுவை மட்டும் மூடினால் போதாதாம். பீப்பாயில் மிச்சம் இருக்கும் அழுத்தத்திலேயே சில தம்ளர் வந்துவிடுமாம்.

எனக்கு இதைக் கேட்டதும் ஒன்றுதான் தோன்றியது. தனி மனித சுதந்திரத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நாடு அது. பிள்ளைகளுக்குத் தனி அறை கொடுத்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் பெற்றோர் உள்ள நாடு. அங்கேயே பீருக்குப் பூட்டுப் போடுகிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழும் நாம் ஏன் போடக் கூடாது?

நம்பிக்கைக்கு அவமானமா?

பூட்டுப் பற்றி ஆபீசில் பேசியபோது நண்பர்கள் மூன்று ஆட்சேபணைகள் சொன்னார்கள்.

முதலாவது: "பெற்ற பிள்ளையை நம்பாமல் பூட்டுப் போடுவது அவமானம் அல்லவா?"

இதற்கு எங்கள் ரயில்வேயிலேயே பதில் இருக்கிறது. நெடுங்காலமாக ஸ்டேஷனில் வசூலான பணத்தைப் பையில் போட்டு, சீல் வைத்து, கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள இரும்புப் பெட்டகத்தில் போட்டு அனுப்புவது வழக்கம். அந்தப் பெட்டகத்தின் வாயில் பையைப் போட முடியும், எடுக்க முடியாது. இரவு முழுவதும் அந்தப் பணத்தோடு பயணம் செய்யும் கார்டிடம் அதன் சாவி கிடையாது. கார்டை ரயில்வே நம்பவில்லையா? ஆயிரம் பயணிகளின் உயிரையே அவர் கொடியிலும் விசிலிலும் ஒப்படைத்திருக்கிறது. அப்படியானால் சாவி ஏன் இல்லை? நல்லவன் மேல் வீண்பழி வராமல் இருக்கத்தான். நல்லவனுக்கு ஒரு பலவீனமான நிமிஷத்தில் சோதனை வராமல் இருக்கத்தான். பூட்டு என்பது திருடனுக்காகப் போடுவது என்று நினைப்பது தவறு. திருடன் பூட்டை உடைத்துவிடுவான். பூட்டு யோக்கியனுக்காகப் போடுவது. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் யோக்கியர்கள். ஆகவே பூட்டுப் போட வேண்டும்.

இரண்டாவது: "மூடி வைத்தால்தான் ஆசை கூடும். திறந்து வைத்தால் பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள்."

நானும் இப்படித்தான் பேசிக் கொண்டிருந்தேன். திறந்து வைத்ததன் பலனை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் மூடி வைப்பதால் எந்தக் குழந்தையும் வீட்டுக்குத் தீ வைக்க ஆசைப்படுவதில்லை. பூட்டுவதோடு நிறுத்தாமல், ஏன் பூட்டுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பூட்டினால் அது புதையல். சொல்லிப் பூட்டினால் அது மருந்துப் பெட்டி மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது ஆட்சேபணை வேறு திசையிலிருந்து வந்தது. எங்கள் பிரிவில் உள்ள பெரியவர் ஒருவர், குடியே தொடாதவர், சொன்னார்: "பாம்பை வீட்டில் வளர்த்துக் கொண்டு கூடைக்கு மூடி தேடுகிறீர். குடியை விட்டுத் தொலைத்தால் பூட்டு எதற்கு?"

அவர் சொல்வது நியாயம். அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி வைத்திருக்கிறார். அரசியல் சட்டத்தின் 47-வது விதியும் மதுவிலக்கை நோக்கிப் போகும்படி அரசுக்குச் சொல்கிறது. ஆனால் ஊரே போட்ட பெரிய பூட்டுகளின் கதை நமக்குத் தெரியும். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். பிறகு பூட்டினார்கள், திறந்தார்கள். 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறைக் கடையை நடத்துகிறது. இங்கே பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச்சாராயக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். மலிவுச் சாராயம் இன்றும் ஒழியவில்லை. 2015 ஜூனில் மால்வனியில் நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அவர்கள் யார்? நம்மைப் போன்ற கூலி வேலைக்காரர்கள்தான்.

அரசு போடும் பூட்டுக்கு ஆயிரம் கள்ளச்சாவி. வீட்டில் போடும் பூட்டுக்கு ஒரே சாவி. குடியை விடுகிறவரை விடட்டும். அவருக்குக் கோடி புண்ணியம். விடாதவர் அதுவரை பூட்டட்டும். நாளைக்கு விடப்போகிறேன் என்பதற்காக இன்றைக்குப் பிள்ளையின் கைக்கெட்ட வைக்கலாமா?

சாவி யாரிடம்?

இனி நடைமுறைக்கு வருவோம். பூட்டு வாங்குவது சுலபம். சாவியை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. குடிக்கிறவரே சாவியை இடுப்பில் முடிந்து கொண்டால் அது பாலுக்குப் பூனை காவல். பிள்ளைகள் பிழைத்துக் கொள்வார்கள். அவர் பிழைக்க மாட்டார்.

என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரிட்ஜ் ஒற்றைக் கதவு. அதற்கே பூட்டு இருக்கிறது. ஆனால் அதைப் பூட்டினால் பாலும் தண்ணீரும் எடுக்க முடியாது. ஆகவே பாட்டில்களை பிரிட்ஜிலிருந்து எடுத்து, டிரங்குப் பெட்டியில் வைத்தேன். வேலை கிடைத்து நான் ரயில் ஏறிய அன்று என் தகப்பனார் அந்தப் பெட்டிக்கு வாங்கிக் கொடுத்த திண்டுக்கல் பூட்டு இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்த பூட்டு என்று பெருமையாகச் சொல்வோமே, அதுதான். சாவி என் மனைவியின் தாலிக் கயிற்றோடு கிடக்கும் ஊக்கில் தொங்குகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கேட்க வேண்டும். அவள் ஒரு பாட்டிலைத் திறந்து தருவாள். அது குளிர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரம் பெரிய மருந்து. பாதி சனிக்கிழமைகளில் அதற்குள் பசி வந்து சாப்பிட்டுவிடுகிறேன். கேட்டு வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும் என்ற இரண்டு தடைகள் மாதம் நான்கு பாட்டிலை இரண்டாகக் குறைத்துவிட்டன. பூட்டுப் போட்டது மகளுக்காக. பலன் எனக்கும் கிடைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் இது நடக்காது. சாவியைக் கேட்டு மனைவியை அடிக்கிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. சாலில் சுவருக்குச் சுவர் காது உண்டு. நமக்குத் தெரியாதது இல்லை. அந்த வீட்டுப் பெண்ணின் கையில் சாவியைக் கொடுப்பது அவள் முதுகில் அடியைக் கட்டி விடுவதற்குச் சமம். அங்கே தேவை பூட்டு அல்ல, சிகிச்சை. குடிப்பழக்கத்திலிருந்து மீள வழி கேட்க மத்திய அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. குடியை விட்டவர்களே கூடி மற்றவர்களை மீட்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் மும்பையில் நடக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லிக் கொடுத்தால், இழவு வீட்டில் போய் உட்கார்ந்து அழுவதைவிட அது மேல்.

தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு பேர் தங்கும் அறையில் ஊரிலிருந்து புதிதாக வந்த பதினேழு வயதுப் பையனும் இருப்பான். அவன் தாய் உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள். "அண்ணன்மார் இருக்கிறார்கள்" என்று ஊரில் சொல்லிக் கொண்டிருக்கிறாள். உங்கள் பாட்டில் அவன் படுக்கும் பாயின் தலைமாட்டில் இருக்கக் கூடாது.

பூட்டு எடுத்துக் கொண்டது

பூட்டுப் போட்ட முதல் சனிக்கிழமை என் மகள் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்து நின்றாள். "பாட்டில் எங்கேப்பா?" என்றாள்.

"அது பெரியவங்க உடம்பையே கெடுக்கும். உன்னை எடுக்கச் சொன்னது அப்பா செஞ்ச தப்பு. அதனால பூட்டி வச்சாச்சு" என்றேன். பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொள்வது சுலபமாக இல்லை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ நான் உங்களுக்கு ஊத்தித் தர வேண்டாமா?"

அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது பீர் அல்ல, நுரையும் அல்ல. காலையில் அவள் எழுவதற்கு முன் லோக்கல் பிடிக்க ஓடுகிறேன். இரவில் வந்து, செய்தி எழுத வேண்டியிருந்தால் காகிதத்தை எடுத்துக் கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு வேலை செய்து கொடுத்தால் "சபாஷ்" என்பார். அதற்காகத்தான் அவள் அவ்வளவு கவனமாகத் தம்ளரைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள்.

பூட்டு ஒன்றை எடுத்துக் கொள்ளும்போது அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்து கொண்டேன். இப்போது சனிக்கிழமை மாலை ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள பூங்காவுக்கு அவளை அழைத்துப் போகிறேன். சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

வாசகர்கள் இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்ய வேண்டும். பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். பாட்டில் இருந்தால், உங்கள் வீட்டில் மிகச் சின்னப் பிள்ளைக்கு அது எட்டுமா என்று பாருங்கள். எட்டும் என்றால் அதை எடுத்துவிடுங்கள். முடிந்தால் வீட்டை விட்டே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை உங்களிடம் வைத்துக் கொள்ளாதீர்கள்.

பூட்டு வாங்க முந்நூறு ரூபாய் செலவாகிறதே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு பாட்டில் குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும்.